இரண்டு ஜோடிக் கைகளும் மேலே

அவைக்குத் தலைமை ஏற்று, அளவுக்கு மீறிப் பேசுகிறவனை அடக்குவதற்கென்றே மரச்சுத்தியலைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருக்கும் எங்கள் நகரத் தலைவர் அன்னை ஒடெஸ்ஸா கிரென்ஷா அவர்களே! பிறந்தவர்க்கு ஞானஸ்நானமும் இறந்தவர்க்கு இறுதி ஜெபமும் வழங்கி, இரண்டுக்கும் இடையே கிடைக்கிற நேரத்தில் குளத்தோரம் தூண்டிலோடு தவமிருக்கும் போதகர் யூபாங்ஸ் அவர்களே! முன்வரிசையில் முழங்கால் வலியோடும் முடியாத கதைகளோடும் முழுமையாக அமர்ந்திருக்கும் முன்னாள் விமானிகளே! வாழைப்பழப் புட்டிங்கை வாசலோர மேசையில் வைத்துவிட்டு, கூட்டம் முடியும்வரை எவனும் கரண்டியைத் தொடக்கூடாது என்று கண்ணாலேயே காவல் காக்கும் தாய்மார்களே! கசங்காத கோட்டும் கலையாத தலையுமாக வந்திருக்கும் கம்பெனிப் பிரதிநிதி திரு. ஆல்டன் ப்ரைஸ் அவர்களே! பைன் ஃபோர்க் நகரத்துப் பெருமக்களே! படைமுகாம் வாசலில் உங்கள் தலைகளை நம்பியே பிழைக்கும் முடிதிருத்துபவன் லானி பீவியின் வணக்கம்.

அம்மா ஒடெஸ்ஸா, சுத்தியலைக் கீழே வையுங்கள். வணக்கம்தான் சொல்லியிருக்கிறேன், இன்னும் வாயே திறக்கவில்லை.

பெரியோர்களே! இந்தக் கையைப் பாருங்கள். நடுங்குகிறதா, இல்லையா? கத்தி பிடித்த கை! கர்னல்களின் கழுத்தில் சவரம் செய்தபோதும் கலங்காத கை! கடந்த சனிக்கிழமையிலிருந்து காப்பிக் கோப்பையைக்கூடக் கொட்டாமல் பிடிக்க மறுக்கிறது. கடைக்கு வருகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு அமர்கிறார்கள். தூக்கமா என்று பார்த்தால், உதடு அசைகிறது, ஜெபம்!

முன்வரிசையில் என்ன முணுமுணுப்பு, ரோஸ்கோ? உன் இடது காதோரம் ஏறி இறங்கி இருக்கிறதா? இருக்கும். அதற்கு நீயும் ஒரு காரணம். உன் முழங்காலும் ஒரு காரணம். வருகிறேன், அதற்குத்தான் வருகிறேன்.

இன்று நம் முன்னே இருக்கும் கேள்வி என்ன? அதோ, தலைவர் மேசைமேல் ஒரு சாவி கிடக்கிறது. நம் ஊருக்குச் சொந்தமான பழைய விமானத் திடலின் சாவி. அதை ஹெலிகாப்டர் கட்டும் கம்பெனியிடம் கொடுப்பதா, வேண்டாமா? கொடுத்தால் திங்கட்கிழமை முதல் நம் கூரைகளுக்கு மேலே, நம் குழந்தைகளின் ஊஞ்சல்களுக்கு மேலே, ஒரு போர் ஹெலிகாப்டர் பறக்கும். அதில் என்ன அதிசயம்? இந்த ஊரில் கோழி கூவி விடிந்த நாளைவிட ஹெலிகாப்டர் கூவி விடிந்த நாள்தானே அதிகம்! அதிசயம் அதில் இல்லை. அந்த ஹெலிகாப்டருக்குள் ஒருவரும் இருக்க மாட்டார்கள். அதுதான்.

அந்த வண்டியில் ஒரு திருகு இருக்கிறது. ஒரு பக்கம் திருப்பினால் இரண்டு விமானிகள். நடுவில் வைத்தால் ஒருவர். மறுபக்கம் திருப்பினால் யாருமில்லை. ஆள் இருந்தாலும் பறக்கும், இல்லாவிட்டாலும் பறக்கும். "இருக்கையை நாங்கள் எடுக்கவில்லை, விருப்பப்பட்டால் உட்காரலாம்" என்று திரு. ப்ரைஸ் சென்ற மாதம் விளக்கினார். விருப்பப்பட்டால்! ரொட்டிக்கு நடுவே வைக்கிற வெங்காயத்தைப்போல! வேண்டுமென்றால் வை, வேண்டாமென்றால் தள்ளு! ஐயா, அந்த இருக்கையில் உட்கார்ந்து உங்கள் வண்டியைச் சோதித்துக் கொடுத்தவள் என் மகள் மேபெத். நான் பெற்ற பெண்ணை வெங்காயமாக்கிவிட்டீர்களே!

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நானும் சனிக்கிழமை பிற்பகல்வரை சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

அதற்கு முன்னே, திரு. ப்ரைஸ் வெளியூர்க்காரர் என்பதால், ஒரு பழைய கதை. நம் ஊரில் ஒரு பழக்கம் உண்டு. இரண்டு விமானிகளில் ஒருவர் ஓட்டுகிறார். அடுத்தவருக்கு மாற்றிக் கொடுக்க வேண்டும். ஓட்டுகிற கோலுக்குப் 'பிடி' என்று பெயர். எப்படிக் கொடுப்பார்? "பிடி உன் கையில்" என்பார். வாங்குகிறவர் "பிடி என் கையில்" என்பார். கொடுத்தவர் மறுபடியும் "பிடி உன் கையில்" என்பார். மூன்றாவது வார்த்தை வந்த பிறகுதான் இரண்டு கைகளையும் மேலே தூக்கிக் காட்டுவார், 'பார், நான் விட்டுவிட்டேன்' என்று. அந்த மூன்று வார்த்தை இல்லாமல் விட்டவனும் இல்லை, தொட்டவனும் இல்லை. இது விமானத்தோடு நின்றதா? நிற்குமா நம் ஊரில்? கார்ச் சாவிக்கும் அதே, கொதிக்கிற சூப்புச் சட்டிக்கும் அதே, கைக்குழந்தைக்கும் அதே!

போதகர் இந்த ஊருக்குப் புதிதாக வந்த வருடம். முதல் ஞானஸ்நானம் யாருக்கு? என் மகள் மேபெத்துக்கு. என் மனைவி பெர்னடீன் குழந்தையை நீட்டினாள். "பிடி உங்க கையில" என்றாள். போதகர் புன்னகையோடு, "ரொம்ப நன்றி, சகோதரி" என்றார். பெர்னடீன் விடவில்லை. அவர் இழுக்கிறார், இவள் விடவில்லை. அவர் தலை, இவள் கால், நடுவே என் மகள், கீழே தண்ணீர்த் தொட்டி!

"என்னம்மா, குடுக்கறீங்களா இல்லியா?" என்கிறார் போதகர்.

"நீங்க வாங்கினாத்தானே குடுக்கறதுக்கு?" என்கிறாள் இவள்.

"வாங்கிட்டுத்தானே இருக்கேன்!"

"வாயால வாங்குங்க!"

தேவாலயமே எழுந்து நின்று, "சொல்லுங்க பாதிரியாரே, பிடி என் கையிலன்னு சொல்லுங்க!" என்று கத்தியது. சொன்னார். விட்டாள். போதகர் தலையாட்டுகிறார் பாருங்கள். அன்றைக்குப் பிறகு அவர் எவர் பிள்ளையையும் அந்த வார்த்தை சொல்லாமல் தொட்டதில்லை. அந்தப் பிள்ளைகளில் ஒன்றுகூடத் தண்ணீரில் விழுந்ததில்லை!

இப்போது சனிக்கிழமைக்கு வருகிறேன்.

வெயில் என்றால் வெயில். அந்த ஒரு நாள் சோதனைக்காக ஊர் திறந்துவிட்ட திடலின் வேலியை ஒட்டி, பிடுங்கிய வேர்க்கடலை ஏற்றிய இழுவண்டிகள் வரிசையாக நிற்கின்றன. இந்தப் பக்கம் நான் அவித்த கடலை அண்டாவோடு நிற்கிறேன். ஊரில் பாதி நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறது. நம் ஐனெஸ் ஹோல்கம் அம்மா இழுவண்டியின் நிழலில் தன் மடக்கு நாற்காலியை விரித்திருக்கிறார். எதிரே, தென்னை உயரம்கூட இல்லை, தாழ்வாக, அசையாமல் அந்தரத்தில் நிற்கிறது ஹெலிகாப்டர். மூக்கு எங்களைப் பார்த்து. கண்ணாடிக்குள்ளே வலது பக்கம் என் மகள். இடது பக்கம் இதோ இந்த ரோஸ்கோ டிட்வெல், படையில் பழம் தின்று கொட்டை போட்ட விமானி, கால்களை எங்கே வைப்பது என்று தெரியாத உயரம்.

என்ன, தென்னை எங்கே பார்த்தாய் என்கிறாயா பின்வரிசை? ஃப்ளோரிடா கடற்கரைக்கு நான் போனதே இல்லையா? உட்கார்.

மேபெத் திருகைத் திருப்பி மிஷினிடம் ஓட்டுகிற வேலையைக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு, பழக்கதோஷம், "பிடி உன் கையில" என்று மிஷினிடம் சொன்னாளாம். மிஷின் பேசுமா? பேசவில்லை. ஆனால் வாங்கிக்கொண்டது. ஒழுங்காக நின்றது. அவள் இரண்டு கைகளையும் மேலே தூக்கிக் காட்டினாள். முறைப்படி, மரியாதைப்படி, ரோஸ்கோவும் 'நானும் தொடவில்லை' என்று தன் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினார்.

தூக்கும்போது அவர் முழங்கால் பிடியில் இடித்தது.

அந்த மிஷின் மகா மரியாதைக்காரன், பெரியோர்களே! மனிதர் யாராவது பிடியைத் தொட்டால் போதும், 'ஓ, எஜமான் எடுத்துக்கொண்டார்' என்று சத்தமில்லாமல் ஒதுங்கிக்கொள்ளும். ஒதுங்கிவிட்டது. ஒதுங்கினேன் என்று சொன்னதா? சொல்லவில்லை. கேட்டதா? கேட்கவில்லை. கடுகளவு ஒரு பச்சை விளக்கை, நடுப்பகல் வெயிலில், ஒரு மூலையில், எரிய விட்டது. அவ்வளவுதான்.

மேபெத் நினைக்கிறாள், மிஷின் ஓட்டுகிறது. ரோஸ்கோ நினைக்கிறார், மிஷின் ஓட்டுகிறது. மிஷின் நினைக்கிறது, மனிதர் ஓட்டுகிறார். ஒரு போர் ஹெலிகாப்டர்! உள்ளே இரண்டு விமானிகள்! கூடவே ஒரு கோடி கணக்குப் போடுகிற கருவி! மூன்று பேர் இருந்தும் ஓட்டுகிறவர் எவருமில்லை! கேட்டதுண்டா இப்படி ஒன்றை? கண்டதுண்டா இப்படி ஒன்றை?

நான் கண்டேன். கண்டும் எனக்குத் தெரியவில்லை. வேலியோரம் நின்ற எனக்குத் தெரிந்ததெல்லாம், கண்ணாடிக்குள் நான்கு கைகள் மேலே உயர்ந்திருக்கின்றன. ஹெலிகாப்டர் மெல்ல மெல்ல எங்களை நோக்கி வருகிறது. மகள் அப்பாவுக்குக் கை காட்டுகிறாள் என்று நினைத்தேன்! "பாருங்கடா, என் பொண்ணு எனக்குக் கை காட்டுறா! ரோஸ்கோவும் காட்டுறான்!" என்று கத்தினேன். அண்டாவின் கரண்டியை எறிந்துவிட்டு நானும் இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டினேன்! என்னைப் பார்த்து ஊரே ஆட்டியது! சாவு சாய்ந்து சாய்ந்து வருகிறது, நாங்கள் கை ஆட்டி வரவேற்கிறோம்!

கொஞ்சம் அந்தத் தேநீரைக் கொடுங்கள். இதில் சர்க்கரையே இல்லையே, யார் போட்டது? ப்ரைஸ் ஐயாவுக்கென்று போட்டதா? அதுதானே பார்த்தேன்.

அதற்குப்பின் உள்ளே நடந்ததை மேபெத் நெற்றியில் தையலோடு என்னிடம் சொன்னாள்.

"அப்பா, நீங்க எப்பவும் ஒரு கையாலதான் ஆட்டுவீங்க. இன்னொரு கையில ஏதாவது தின்னுட்டு இருப்பீங்க. அன்னைக்கு ரெண்டு கையையும் தூக்கி ஆட்டுனீங்க. எதுக்கு இந்த மனுசன் ரெண்டு கையத் தூக்குறாருன்னு ஒரு நொடி யோசிச்சேன். நாங்க தூக்கியிருக்கோம், அதான் தூக்குறாருன்னு புரிஞ்சுது. என் கையைப் பாத்தேன். மேல இருக்கு. ரோஸ்கோ கையைப் பாத்தேன். அதுவும் மேல இருக்கு. உங்க முகம் மட்டும் பெருசாகிட்டே வருது."

"ரோஸ்கோ, பிடி யாரு கையில?" என்று கேட்டாளாம்.

"மிஷின் கையில இல்லியா?" என்றாராம் இவர்.

"மிஷின் உங்க முகத்துல கொண்டுபோய் எங்களை இடிக்குமா அப்பா? பிடி என் கையிலன்னு அலறிட்டுப் புடிச்சேன். அந்த மனுசன் அந்த நேரத்துலயும், 'உன் கையில!'ன்னு பதில் சொன்னாரு பாருங்க. சாகுறப்பக்கூட முறை மாறாது அந்த ஆளு."

எழுந்து நில் ரோஸ்கோ! எல்லோரும் உன்னைப் பார்க்கட்டும்! கை தட்டுங்கள். போதும், முழங்காலை எங்கேயாவது இடித்துக்கொள்ளாமல் உட்கார்.

அவள் பிடித்தாள், திருப்பினாள், எங்கள் தலைகளைத் தப்ப விட்டாள். சக்கரம் மட்டும் கடலை வண்டியில் மாட்டியது. வண்டி குடை சாய்ந்தது. ஹெலிகாப்டர் வயலில் தொப்பென்று உட்கார்ந்தது. வானத்திலிருந்து வேர்க்கடலை மழை! என் தொப்பியைப் பிறகு அண்டாவுக்குள்ளிருந்து எடுத்தேன், நன்றாக வெந்திருந்தது.

ஆனால் பெரியோர்களே, சாய்ந்த கடலை வண்டியைத் தூக்கிப் பார்த்தபோது அடியில் ஒரு மடக்கு நாற்காலி கிடந்தது. அப்பளம்போல் நசுங்கிக் கிடந்தது. ஐனெஸ் அம்மா உட்கார்ந்திருந்த நாற்காலி. ஐஸ் தேநீர் ஊற்றிக்கொள்ள அப்போதுதான் எழுந்து போயிருந்தார். கோப்பையும் கையுமாக வந்து நின்று, தன் நாற்காலியைப் பார்த்தார். கோப்பையை மெல்லக் கீழே வைத்தார். அந்த நாற்காலிதான் இன்னும் என் கையில் நடுங்கிக்கொண்டிருக்கிறது.

அதைவிட அதிர்ச்சி எது தெரியுமா? இன்று மாலை இந்த மேடையில் திரு. ப்ரைஸ் படித்த அறிக்கை. காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார்களாம். என்ன காரணம்? விமானி பிடியை ஏற்கத் தவறினாராம்! மிஷின் முறைப்படி அறிவித்ததாம், விளக்கு எரிந்ததாம்! ஆகவே பரிகாரம் என்ன? இனிமேல் உள்ளே ஆளே வேண்டாமாம்! முழங்கால் இல்லையென்றால் இடிப்பதற்கு ஏது என்கிறார்!

ஐயா, முடி வெட்டும்போது காதில் கத்தி பட்டது என்றால், காதை எடுத்துவிடலாம் என்று நான் சொன்னால் என் கடைக்கு வருவீர்களா? ஊரைக் காப்பாற்றியது எது? விளக்கா? ஒரு பெண்ணின் வாயிலிருந்து வந்த ஒற்றை வார்த்தை! அந்த வார்த்தைக்கு இடமில்லாமல் வண்டியைக் கட்டியது யார்? அந்த வார்த்தையைச் சொன்னவள்மேல் பழியைப் போட்டது யார்?

இங்கேதான் நீங்கள் எல்லோரும், லானி இனி அந்த மிஷினே வேண்டாம் என்பான் என்று எதிர்பார்க்கிறீர்கள். நானும் அப்படித்தான் பேச நினைத்தேன். நேற்று மளிகைக் கடையில் ஐனெஸ் அம்மா என் சட்டைக் காலரைப் பிடித்து நிறுத்தும்வரை.

"லானி, நாளைக்கு அந்த மிஷினே வேண்டாம்னு பேசுன, மேடையேறி மைக்கைப் புடுங்குவேன்."

"என்னம்மா, உங்களையே நசுக்கப் பாத்துச்சே!"

"நசுங்குனது நாற்காலிடா. பதினஞ்சு டாலர் குடுத்தா வேற வாங்கிக்கலாம். என் வெஸ்லி ஒக்காந்திருந்த சீட்டு?"

அவர் மகன் வெஸ்லியை உங்களுக்குத் தெரியும். முதல் முடி நான்தான் வெட்டினேன், நாற்காலியில் பலகை போட்டு. தூர தேசத்தில், காயம்பட்ட வீரர்களை ஏற்றிவரப் புழுதிக்குள் இறங்கியவன். எழவில்லை. அன்று அந்த இருக்கை காலியாக இருந்திருந்தால்? வண்டி தனியாகப் போயிருந்தால்? வெஸ்லி இன்று அந்த மூன்றாம் வரிசையில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருப்பான். புட்டிங்கைப் பார்த்து நாக்கைச் சுழற்றிக்கொண்டிருப்பான். அந்தத் தாயிடம் போய், காலி இருக்கை தப்பு என்று நான் எந்த முகத்தோடு சொல்வேன்? என் மகளே சொல்கிறாள்: "நாலு பேரைத் தூக்கிட்டு வர ரெண்டு பேரை எதுக்குப்பா சாகக் குடுக்கணும்? காலியாப் போகட்டும்."

போகட்டும்! நானும் சொல்கிறேன், போகட்டும்!

ஆனால் ஐனெஸ் அம்மா அதோடு என் காலரை விடவில்லை. "வெஸ்லி கடைசியாப் பேசுன டேப்பைப் படையில எனக்குப் போட்டுக் காட்டுனாங்க, லானி. பக்கத்துல இருந்தவனுக்கு அடிபட்டுருச்சு. என் புள்ள என்ன சொன்னான் தெரியுமா? 'பிடி என் கையில.' அவ்வளவுதான், அப்புறம் ஒண்ணும் இல்ல. அடிபட்டவன் பொழச்சுக்கிட்டான். இன்னைக்கும் கிறிஸ்துமஸுக்கு வந்து எங்கிட்ட ஒக்காந்து அழுவான். சீட்டு காலியா இருக்கலாம்டா. அந்த வார்த்தை காலியா இருக்கக்கூடாது. அதைச் சொல்றதுக்கு எங்கியாவது ஒரு மனுசன் வாய் இருக்கணும்."

பெரியோர்களே! தாய்மார்களே! இதற்குமேல் ஒரு முடிதிருத்துபவன் என்ன பேச முடியும்? நாளை இந்த வண்டி போருக்குப் போகும். போகாமலா இருக்கும்? ஒருநாள் காயம்பட்டவனைத் தூக்கி வரும். ஒருநாள் குண்டு சுமந்து போகும். ஒருநாள் தப்பான கூரைமேல் இறங்கும். எந்த ஊரோ, எந்தத் தாயோ, நசுங்கிய நாற்காலியைப் பார்த்தபடி நிற்பாள். நாற்காலிதான் நசுங்கியது என்று சொல்லும் பாக்கியம் அவளுக்குக் கிடைக்காமல் போகலாம். அவள் கேட்பாள், பிடி யார் கையில் இருந்தது? யார் பதில் சொல்வது? பச்சை விளக்கா?

திரு. ப்ரைஸ், கோபம் வேண்டாம், இதை மட்டும் கேட்கிறேன். திங்கட்கிழமை அந்த வண்டி காலியாக எழும்போது பிடி யார் கையில்? என்ன? உரக்கச் சொல்லுங்கள், ஒலிவாங்கி அங்கே இல்லை. 'அமைப்பின் கையில்' என்கிறார்.

சிரிக்காதீர்கள். யாரும் சிரிக்காதீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஐயா, அந்த அமைப்பு எந்தத் தெருவில் குடியிருக்கிறது? ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் எந்தப் பெஞ்சில் உட்கார்கிறது? இந்த ஊரில் நான் முடி வெட்டாத தலை இல்லை. அமைப்புக்கு நான் வெட்டியதே இல்லையே! தலை இருந்தால்தானே வெட்ட!

அந்த மிஷினை வாய் திறக்கச் சொல்லுங்கள். விடுவதற்கு முன்னே கேட்கட்டும், பதில் வரும்வரை விடாமல் இருக்கட்டும். என் மனைவி தொட்டிமேல் என் மகளை விடாமல் பிடித்தாளே, அப்படி! இருக்கையில் ஆளில்லை என்றால் தரையில் ஒரு ஆள் இருக்கட்டும். பெயருள்ள ஆள், முகமுள்ள ஆள், 'என் கையில்' என்று சொல்லிவிட்டு இரவு வீட்டுக்குப் போய்த் தூக்கம் வராமல் புரளக்கூடிய ஆள்! அந்த ஆளின் பெயரைச் சொல்லுங்கள், சாவியை நானே தூக்கி வந்து தருகிறேன். சொல்ல முடியாதென்றால், சாவி இந்த மேசையிலேயே துருப்பிடிக்கட்டும்!

சுத்தியல் எழுகிறது. முடித்துவிட்டேன் அம்மா. இவ்வளவு நேரம் இருமாமல் கேட்ட முன்வரிசைக்கு நன்றி. இருமியும் எழுந்து போகாத பின்வரிசைக்கு அதைவிட நன்றி. மேபெத்தை உயிரோடு வீட்டுக்கு அனுப்பிய கடவுளுக்கும், 'உன் கையில்' என்று பதில் சொன்ன ரோஸ்கோவுக்கும், என் காலரைக் கசக்கிய ஐனெஸ் அம்மாவுக்கும் நன்றி. எல்லோரும் நலமாக வீடு போய்ச் சேருங்கள். புட்டிங்கில் எனக்குக் கொஞ்சம் மிச்சம் வையுங்கள்.

இதோ, ஒலிவாங்கியைத் தலைவரிடம் தருகிறேன். அம்மா ஒடெஸ்ஸா, ஊரும் சாவியும் இன்றிரவு எடுக்கிற முடிவும் இதோடு சேர்த்து, பிடி உங்கள் கையில்.

'நன்றி லானி' என்கிறார். நான் விடவில்லை. இழுக்கிறார், விடமாட்டேன். போதகர் சிரிக்கிறார், அவருக்குத் தெரியும். ஊரே, நீங்கள் சொல்லுங்கள்! இன்னும் உரக்க! ஆம், வாயால் வாங்கட்டும்!

பொறுங்கள். அமைதி. தலைவர் சாவியைப் பார்க்கிறார். எடுக்கிறார். தன் கைப்பைக்குள் போட்டு மூடுகிறார். "மிஸ்டர் ப்ரைஸ், அது பேசக் கத்துக்கிட்டு, ஒரு ஆளையும் கூட்டிட்டு வரட்டும். அதுவரைக்கும் சாவி எங்கிட்டதான்" என்கிறார். கை தட்டாதீர்கள், இன்னும் சொல்லவில்லை. இன்னும் சொல்லவில்லை...

"பிடி என் கையில, லானி."

கேட்டதா எல்லோருக்கும்? ஆம் அம்மா. உங்கள் கையில்.